ஊறு, நுகர்வு, தோல்

பௌத்த மனோதத்துவத்தைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் பெரும்பாலும் அமைதியைப் பற்றிப் பேசுகிறார்கள். பதற்றம் தணிகிறது, தூக்கம் வருகிறது, வேலையில் கவனம் நிற்கிறது என்கிறார்கள். இவை பொய் என்று நான் சொல்லவில்லை. 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஸின் என்பவர் பௌத்த தியானத்திலிருந்து மதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்கு அதை ஒரு பயிற்சியாகக் கொடுக்க ஆரம்பித்தார். அது ஆஸ்பத்திரிகளைத் தாண்டி, பள்ளிக்கூடங்களுக்கும் பட்டாளத்துக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் போய்விட்டது. வலியோடு இருப்பவனுக்கு வலி குறைந்தால் நல்லதுதான். ஆனால் எதைப் பார்த்து அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்கிறோம் என்ற கேள்வி அங்கே அதிகம் எழுவதில்லை. மாதனூரில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை யோசிக்கிற ஒருவனால் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

மாதனூர் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே இருக்கிறது. ஊரை ஒட்டிப் பாலாறு. ஆண்டில் பெரும்பகுதி அது மணல்தான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது குடியாத்தம் போகிற வழியிலிருந்த தரைப்பாலத்தையே அடித்துக்கொண்டு போயிற்று. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, கிழக்கே ராணிப்பேட்டை. இந்த வரிசை முழுவதும் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும். காற்றுத் திரும்பினால் வாசனை வரும். நெடுஞ்சாலையில் போகிற பஸ்களில் ஜன்னல் கண்ணாடிகள் இழுத்து மூடப்படுவதையும், கைக்குட்டைகள் மூக்குக்குப் போவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் அதற்கு ‘ஷாப்பு வாசனை’ என்று பெயர். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதை நாற்றம் என்பார்கள். பழைய தமிழில் நாற்றம் என்பது பூவின் மணத்துக்கும் சொன்ன சொல். சொல் புரண்டுவிட்டது, மூக்கு அதேதான்.

இங்கே வேறு சில சொற்களையும் கவனிக்க வேண்டும். பாலி மொழியில் வேதனா என்றால் வலி மட்டுமல்ல. இன்பமான உணர்ச்சி, துன்பமான உணர்ச்சி, இரண்டுமற்ற உணர்ச்சி என்ற மூன்றும் வேதனாதான். தமிழுக்கு வந்த வேதனை மற்ற இரண்டையும் உதறிவிட்டு வலியை மட்டும் வைத்துக்கொண்டது. மணிமேகலை பௌத்தத்தின் பன்னிரண்டு காரணச் சங்கிலியைத் தமிழில் சொல்லும்போது ஸ்பர்சத்துக்கு ஊறு என்றும், வேதனாவுக்கு நுகர்வு என்றும், திருஷ்ணைக்கு வேட்கை என்றும் சொற்களைத் தேர்ந்திருக்கிறது. ஊறு என்றால் தொடுகை, தீங்கும் ஊறுதான். நுகர்வு என்றால் அனுபவித்தல். மூக்கால் மணத்தை இழுப்பதும் நுகர்வுதான். பொருளாதாரப் பாடநூல்காரர்கள் பின்னால் அதைக் கடையில் பொருள் வாங்குவதற்கு எடுத்துக்கொண்டார்கள். சங்கிலியின் இந்த மூன்று கண்ணிகளில்தான் பௌத்த மனோதத்துவத்தின் உயிர் இருக்கிறது. ஒன்று புலனில் படுகிறது; படும்போது ஒரு உணர்ச்சி எழுகிறது; எழுந்த கணமே அதை வேண்டுகிறோம் அல்லது தள்ளுகிறோம். உணர்ச்சிக்கும் தள்ளுதலுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு, பழகினால் அதைக் காணலாம் என்பதுதான் தியானம் சொல்வது.

இந்த மனோதத்துவத்தை விளக்கப் பாலி சூத்திரங்கள் எடுத்துக்கொள்ளும் உவமைகள் தாமரையும் நிலவும் மட்டுமல்ல. பிக்ஷுவாகப் போகும் சிறுவனுக்கு முதன்முதலில் சொல்லித்தரும் தியானப் பொருள் ஐந்து: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். தோலில் வந்து நிற்கிறது பாடம். மஜ்ஜிம நிகாயத்தின் பத்தாவது சூத்திரமான சதிபட்டானத்தில், உடம்பை மண், நீர், தீ, காற்று என்று பிரித்துப் பார்ப்பவனுக்கு உவமை, பசுவை அறுத்துக் கூறுபோட்டு நாற்சந்தியில் உட்கார்ந்திருக்கும் கசாப்புக்காரன். அங்கே அவன் இழிந்தவனாகச் சொல்லப்படவில்லை. கைத்திறன் உள்ளவன் என்று சொல்லப்படுகிறான். அதே நிகாயத்தில் நந்தகர் பிக்ஷுணிகளுக்குச் செய்த உபதேசத்தில், பசுவின் தோலையும் உள் தசையையும் சேதப்படுத்தாமல் இடையிலுள்ள இணைப்புகளை மட்டும் அறுக்கிற கூரான கத்தி வருகிறது. அந்தக் கத்திதான் பிரக்ஞை. சம்யுத்த நிகாயத்தில் ஸ்பர்சம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு உவமை இருக்கிறது. தோலுரிக்கப்பட்ட பசு. அது சுவரோரம் நின்றால் சுவரில் வாழும் பிராணிகள் அதைத் தின்கின்றன. மரத்தடியில் நின்றால் மரத்துப் பிராணிகள். தண்ணீரில் நின்றால் தண்ணீர்ப் பிராணிகள். எங்கே நின்றாலும் படுகிறது. படுவதெல்லாம் கடிக்கிறது.

இந்த உவமையைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. தத்துவத்தின் ஆழம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இது என் அப்பாவின் தொழில் என்பதுதான் காரணம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். உப்புப் போட்டு வந்த தோல் தண்ணீரில் ஊறும். பிறகு சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறும். மயிர் கழன்று வரும். அந்த ஊறலிலிருந்து தோலை இழுத்து மேலே போடுவதும் சுரண்டுவதும் அவர் வேலை. வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் விரலிடுக்கில் வாசனை இருக்கும். அந்தக் கையால்தான் எங்களுக்குச் சோறு பிசைந்து கொடுத்தார்.

நான் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையத்தில் ஒரு முறை பத்து நாள் உட்கார்ந்திருக்கிறேன். விடிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது, புத்தகம் கிடையாது, பேனா கிடையாது. முதல் மூன்று நாளும் மூச்சை மட்டும் பார்க்க வேண்டும். அதுவும் மூக்குத் துவாரங்களுக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, ஒரு சிறிய இடத்தில். எங்கள் ஊர்க்காரனுக்கு மூக்கு நுனியில் மனசை வைப்பது சாமான்யமான காரியமல்ல. நான்காம் நாளிலிருந்து உடம்பு முழுவதும் உணர்ச்சிகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பின் வாசனை வந்தது. யாரோ சுவருக்கு வெள்ளையடித்திருக்கலாம். வாசனை வந்ததும் அடிவயிற்றில் ஒரு சூடு எழுந்து கழுத்து வரைக்கும் ஏறிற்று. அதற்குப் பிறகுதான் ஒரு முகம் வந்தது: ஆறாம் வகுப்பில், காரணம் சொல்லாமல் என்னை ஜன்னலோரம் மாறி உட்காரச் சொன்ன வாத்தியாருடைய முகம். அவர் காரணம் சொல்லியிருக்க வேண்டிய தேவையும் இல்லை; வகுப்புக்கே தெரியும்.

நாற்பது வருஷமாக இவை மூன்றும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. சுண்ணாம்பு வாசனை என்றால் அவமானம். அன்றைக்கு வாசனை தனியாகவும், சூடு தனியாகவும், முகம் தனியாகவும் இருந்தன. நந்தகர் சொன்ன கத்தி எங்கே வெட்டுகிறது என்று புரிந்தது. சுண்ணாம்பின் வாசனையில் அவமானம் இல்லை. வாத்தியாருடைய மூக்கில் பட்ட வாசனையிலும் அருவருப்பு இருந்திருக்காது. அவருடைய அருவருப்பும் என்னுடைய கூச்சமும் ஒரே இடத்தில், நுகர்வுக்கும் தள்ளுதலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் குடியேறியவை. ஜாதி புத்தகத்தில் இருக்கிறது, கிணற்றில் இருக்கிறது, சுடுகாட்டில் இருக்கிறது என்றெல்லாம் சொல்கிறோம். அது மூக்குக்கும் மனசுக்கும் நடுவே, ஒரு நொடிக்கும் குறைந்த இடத்தில் இருப்பதை நான் பார்த்தேன். இதை எந்த அரசியல் கூட்டமும் எனக்குக் காட்டியிருக்க முடியாது. இந்த அளவுக்குத் தியானத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை. ஊருக்கு வந்து சில மாதம் தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். முன்பிருந்த சிடுசிடுப்பு குறைந்தது. என் மனைவி ஒரு நாள், “மாமா மாதிரியே ஆயிட்டீங்க” என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது சுருக்கென்றது.

அப்பா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கூலி குறைத்தாலும், பண்டிகைப் பணம் பாதியாக வந்தாலும், ஊர்க்காரர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் முகம் மாறாது. கடைசிக் காலத்தில் அவருக்கு மூக்கு போய்விட்டது. பால் தீய்ந்தால் தெரியாது, மல்லிகைப்பூ தெரியாது. ‘அதுவும் நல்லதுதான்’ என்பார். தெருவில் அவரைப் பெரிய பொறுமைசாலி என்பார்கள். அவரிடம் இருந்தது உபேக்ஷையா, மரத்துப்போனதா? நான் பத்து நாள் உட்கார்ந்து அடைந்ததாக நினைத்ததும் அதே சந்தேகத்துக்கு உட்பட்டதுதானே?

இந்தச் சந்தேகம் புதிதல்ல. 5-ம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்துகொண்டு விசுத்திமக்கம் எழுதிய புத்தகோஷர் இதை எதிர்பார்த்திருக்கிறார். ஒவ்வொரு நல்ல மனநிலைக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று என்று அவர் சொல்கிறார். உபேக்ஷைக்குத் தூரத்துப் பகை விருப்பும் வெறுப்பும். அவை எதிரிகள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பக்கத்துப் பகை, அறியாமையிலிருந்து வரும் அலட்சியம். அது உபேக்ஷை மாதிரியே இருக்கும், வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். புத்தகோஷர் காஞ்சியில் தங்கியிருந்ததை அவருடைய அங்குத்தர நிகாய உரையின் முடிவுரை சொல்கிறது. இங்கிருந்து பாலாறு போகிற வழியில்தான் காஞ்சியும் இருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய எனக்கு உதவியது ஒரு ரசாயன விஷயம். சுண்ணாம்புக் குழியின் சல்பைடுத் தண்ணீரும் வேறு தொட்டிகளின் அமிலத் தண்ணீரும் கால்வாயில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை வாசனையாக மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஏறக்குறைய நூறு பங்கைத் தொட்டால் மோப்ப நரம்பு செயலற்றுப்போகிறது. அப்போது வாசனை தெரியாது. ஆபத்து நீங்கிவிட்டது என்று குழிக்குள் இருப்பவன் நினைத்துக்கொள்வான். உண்மையில் அது அப்போதுதான் கொல்கிற அளவை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். வாசனை இல்லாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் குழிக்குள் இறங்கக்கூடாது. மனசுக்குள்ளும் அப்படித்தான்.

நம் காலத்துக்குப் பௌத்தம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, அயோத்திதாசர் வழி. 1898-ல் அவர் இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்று, திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை தொடங்கினார். அதே 1907-ல் விஞ்ஞானப் பேராசிரியரான லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். எங்கள் வட ஆற்காட்டு ஜனங்கள் ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறிக் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனார்கள்; மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கத்தின் கிளைகள் எழுந்தன. அந்தப் பௌத்தம் கண்ணை மூடி உட்காருவதைப் பற்றி அதிகம் பேசவில்லை. படிப்பு, பத்திரிகை, பிரசங்கம், தன் சரித்திரத்தைத் தானே எழுதிக்கொள்வது என்று அது போயிற்று. பாறைத்தூள் நுரையீரலில் படிந்துகொண்டிருந்தவர்களிடம் மூச்சைக் கவனி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாதல்லவா?

இன்னொன்று பர்மா வழி. பர்மா 1948-ல் சுதந்திரமடைந்தபோது அக்கவுண்டண்ட் ஜெனரலான ஊ பா கின், தம் ஆபீஸிலேயே தியானத்துக்கு ஒரு அறையை ஒதுக்கினார். நவீன வாழ்க்கையில் தியானம் என்ற சிந்தனை ஒரு சர்க்கார் கணக்கு ஆபீஸில் வேர் பிடித்தது என்பது சுவாரசியமானது. தலைவலியால் அவதிப்பட்டு அவரிடம் போன வியாபாரியான கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து அதைப் பரப்பினார். திருமுடிவாக்கத்தில் நான் உட்கார்ந்தது அந்த வழியில்.

முதல் வழிக்காரர்கள் இரண்டாவதைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தரானார். அவர் மறைவுக்குப் பின் 1957-ல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையில், நான்கு ஆரிய சத்தியங்கள் புத்தருடைய மூல போதனையைச் சேர்ந்தவைதாமா என்றே கேட்கிறார். பிறப்பே துக்கம் என்றால் கூலி குறைந்ததும் துக்கம், வயசாவதும் துக்கம், இரண்டும் ஒன்று என்றாகிவிடும்; முதலாளிக்கு அதைவிடச் சௌகரியமான தத்துவம் கிடையாது. துக்கத்தில் பெரும்பகுதி மனிதன் மனிதனுக்குச் செய்வது என்பதை அம்பேத்கர் விடத் தயாராக இல்லை. நானும் தயாராக இல்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் ஷாப்புகளின் கழிவால் இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டிருக்கிறது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளில் அது ஒன்று. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாலாற்றுக்காகவும் பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டஈட்டுக்காகவும் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உள்ளே போகிற மூச்சையும் வெளியே வருகிற மூச்சையும் பார்க்கச் சொல்கிற பயிற்சிக்கு, அந்தப் பத்துப் பேருடைய மூச்சோடு சம்பந்தம் இல்லை என்றால், எனக்கு அந்தப் பயிற்சி வேண்டாம்.

சம்பந்தம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஒரு மழைக்கால இரவுக்குப் பிறகு, விடிந்ததும் ஆற்றுப் பக்கம் போனேன். மணலில் ஓடிய தண்ணீரில் நுரை கட்டி நின்றது. வாசனை எழுந்தது, வயிற்றில் பழைய சூடு எழுந்தது, பழக்கத்தால் அதைப் பார்த்தேன், அது அடங்கிற்று. நுரை அடங்கவில்லை. மனசில் எழுந்ததும் ஆற்றில் நின்றதும் வேறு வேறு என்பது அப்போது மிகத் தெளிவாக இருந்தது. சூடு அடங்கியபின் பார்வை கூர்மையாகவே இருந்தது. நுரையின் நிறம் என்ன, எந்தக் கரையிலிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் போகிறது, மணி என்ன என்று குறித்துக்கொண்டேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மனு எழுதினோம். எங்களுடைய பழைய மனுக்களில் பாதி வசை. அதிகாரிகள் முதல் பத்தியைத் தாண்டியிருக்க மாட்டார்கள். இதில் தேதி, நேரம், இடம், நிறம், சாட்சி மட்டும் இருந்தன. சதிபட்டானம் கற்றுத் தருவது இதைத்தானே? இருப்பதை இருக்கிறபடி குறிப்பது. மூச்சு நீளமாக இருந்தால் நீளம் என்று, குட்டையாக இருந்தால் குட்டை என்று. கண்ணை மூடிக்கொண்டு செய்வதற்கு மட்டும் அது உதவும் என்று யார் சொன்னார்கள்?

மனுவால் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வெற்றிக்கதை இல்லை. கட்டுரையின் விஷயமும் அது அல்ல. என்னிடம் இருப்பது ஒரு சோதனை மட்டும். உட்கார்ந்து எழுந்த பிறகு முன்பைவிட அதிகமாக வாசனை தெரிகிறதா, குறைவாகத் தெரிகிறதா? கைக்குட்டை எடுக்காமல் நிற்க முடிந்தும் வாசனை முழுசாகத் தெரிந்தால், அது உபேக்ஷைக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. தெரியவில்லை என்றால் உடனே குழியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஷூ கம்பெனியின் மேலாளருக்கும், பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கண்மூடுகிறவருக்கும் இதே சோதனைதான். தம்முடைய குழி எது, தம்முடைய வாசனை எது என்பதை அவரவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவுடைய பொறுமை எதைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லை. மனைவி சொன்ன வார்த்தைக்கு மட்டும் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் உட்காருகிறேன்.